மூன்றாவது வரிசையில் கேட்ட சத்தம்

ஜூன் 3, திங்கள்

எங்கள் மூன்றாவது வரிசைக்குப் புது மானிட்டர் வந்துவிட்டது. அகலமாக, ஓரம் மெலிந்து, பார்க்க லட்சணமாக இருக்கிறது. பக்கத்து சீட் மங்கை அக்கா தன்னுடையதற்குச் சந்தனம் குங்குமம்கூட வைத்துவிட்டாள். நான் துணியால் துடைத்து, உயரத்தைச் சரிசெய்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது.

கீஈஈ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. பெரியதாக இருந்திருந்தால் யாராவது என்னவென்று கேட்டிருப்பார்கள். மெல்லிய கம்பியைக் காதுக்குள் விட்டு நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருப்பது போல. மானிட்டரை அணைத்தால் நிற்கிறது. போட்டால் வருகிறது. அதனால் மானிட்டர்தான், சந்தேகமே இல்லை.

புதுசு, ஓட ஓடச் சரியாகிவிடும். வரும் வழியில் கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

சரியாகவில்லை. மங்கை அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அக்கா, இதுலேர்ந்து ஏதோ சத்தம் வருதுல்ல?"

"ஏசியா?"

"இல்லக்கா. மானிட்டர்ல. கீன்னு."

கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக் கேட்டாள். "ஒண்ணும் கேக்கலையே. உனக்கு ரொம்பக் கூர்மையான காதும்மா, ஜுலைகா."

அதற்கு நான் சிரித்த சிரிப்பு எப்படி இருந்ததோ தெரியவில்லை. ஏழு வயதில் வந்த காய்ச்சலில் என் இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதும் அரைகுறைதான், அதில் கேட்கும் மெஷின். போன மாதம்தான் பழையதை மாற்றிப் புதுசு வாங்கினோம். காதுக்குப் பின்னால் சின்னதாக உட்கார்ந்திருக்கும். மேலே ஷால் போட்டுக்கொள்வதால் யாருக்கும் தெரியாது. ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது.

இதற்கு முன் இன்டர்வியூ போன இடங்களிலெல்லாம் உள்ளதைச் சொன்னேன். எல்லோரும் தன்மையாகப் பேசி, "நாங்களே கூப்பிடுறோம்" என்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. இந்த வேலை ஆஸ்பத்திரி பில்களை இன்சூரன்ஸுக்காகச் சரிபார்த்து ஏற்றுவது. போன் பேச வேண்டியதில்லை. ஜூலை கடைசி வரை தகுதிகாண் காலம். "அதுவரைக்கும் வாயத் தொறக்காம வேலையப் பாரு" என்று அத்தா சொல்லியிருக்கிறார்.

ஜூன் 5, புதன்

அறை வாடகையை மருந்துச் செலவில் ஏற்றிவிட்டேன். ஹெலன் மேடம் கூப்பிட்டுக் காட்டினார். அவர்தான் எங்கள் கிளைக்கு மேலாளர். திட்டவில்லை. "என்ன ஆச்சு ஜுலைகா, நீங்க இந்தத் தப்பு பண்ற ஆள் இல்லையே" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மானிட்டர் சத்தத்தைச் சொன்னேன். தர்மலிங்கத்தை அனுப்புவதாகச் சொன்னார்.

ஜூன் 6, வியாழன்

தர்மலிங்கம் சார் எங்கள் ஆபீஸின் கணினி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் பொறுப்பு. காண்ட்ராக்ட் ஆள். எந்தக் கோளாறு என்றாலும் முதலில் அணைத்துப் போடுவார். அதற்கும் சரியாகவில்லை என்றால் இடுப்பில் கைவைத்து அதையே முறைத்துப் பார்ப்பார்.

இன்று அணைத்துப் போட்டார். கேபிளைக் கழற்றி மாட்டினார். வேறு கேபிள் கொண்டுவந்தார். ப்ளக்கை அடுத்த போர்டில் சொருகினார். டெஸ்டர் வைத்து எர்த் பார்த்தார். வெளிச்சத்தை முழுசாக ஏற்றினார். சத்தம் கொஞ்சம் தடிமனாகி, மறுபடி மெலிந்தது. குறைத்தால் இன்னும் மோசம்.

"இப்ப?"

"இருக்கு சார்."

"இப்ப?"

"இருக்கு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா."

"எனக்குக் கேக்குது சார்."

மெஷினைக் கழற்றிப் பார்க்கலாமே என்று எனக்கே தோன்றாமல் இல்லை. பாத்ரூமில் போய்க் கழற்றி, ஷாலுக்குள் மறைத்துக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்தேன். சத்தம் இல்லை. ஆனால் ஏசி சத்தமும் இல்லை, கீபோர்டு சத்தமும் இல்லை, மங்கை அக்கா என்னைப் பார்த்து வாயசைத்ததும் கேட்கவில்லை. கழற்றினால் உலகமே போய்விடுகிறது. இதில் எதைக் கண்டுபிடிப்பது? ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்தேன்.

இரவுச் சாப்பாடு தோசை. மாவு புளித்துவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

மொபைலில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தேன். வீட்டில் என் கணவர் இத்ரீஸிடம் கொடுத்தேன். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலில் இருந்து வருகிறவருக்கு அமைதியாக ஒன்றைக் கேட்கச் சொன்னால் கோபம்தான் வரும். ஆனாலும் காதோடு வைத்துக் கேட்டார்.

"யாரோ இருமுறாங்க. வேற ஒண்ணும் இல்ல."

"பின்னாடி கீன்னு கேக்கலையா?"

"இல்லம்மா. இருமல்தான்."

ஆபீஸில் இன்னொன்று கவனித்தேன். தலையை ஒரு பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொண்டால் சத்தம் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கிட்டத்தட்ட இல்லை. அதனால் மத்தியானம் முழுக்க தலையைத் தோளில் சாய்த்தபடியே பில் ஏற்றினேன். மங்கை அக்கா கழுத்துச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் கொடுத்தாள். வாங்கித் தடவிக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

ஜூன் 10, திங்கள்

நல்ல நாள்!

தர்மலிங்கம் சார் என்னுடையதையும் மங்கை அக்காவுடையதையும் மாற்றிப் போட்டார். அதிலும் அதே சத்தம். "அதுலயுமா?" என்றார். எல்லாம் ஒரே சரக்குதானே சார் என்றேன். அந்தப் பக்கம் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஒரு பையன் சிரித்தபடி, "மேடத்துக்கு மட்டும் தனி சேனல் ஓடுது" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது.

தர்மலிங்கம் சார் குனிந்து மானிட்டரின் பின்பக்கம் காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். நிமிர்ந்து, அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னார்:

"ஆமாப்பா. கேக்குது. லேசா கேக்குது."

எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். ஏழு வயதிலிருந்து எனக்குக் கேட்காததைத்தான் மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்ட ஒன்றை இன்னொருவர் கேட்டுவிட்டு ஆமாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

வரும்போது இத்ரீஸுக்குப் பிடித்த பால்கோவா வாங்கினேன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று மங்கை அக்காவுக்கும் கேட்கிறது.

"நேத்து ராத்திரி படுத்தேன் பாரு, அதே சத்தம் காதுக்குள்ள நிக்குது. எத்தனை நாளா நீ சொல்லிக்கிட்டு இருந்த, நான்தான் கவனிக்கல" என்றாள். மத்தியானத்துக்குள் வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது. ஒருத்திக்குத் தலைவலி. ஒருத்திக்குக் கண்ணில் நீர். என்னைக் கிண்டல் செய்த பையனுக்குப் பல் கூசுகிறதாம். சாப்பாட்டு நேரத்தில் இது மூளையைப் பாதிக்கும் என்று யாரோ யூடியூபில் பார்த்ததைச் சொன்னார்கள். நான் புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினேன்.

ஜூன் 12, புதன்

"ஜுலைகாதான் முதல்ல கண்டுபிடிச்சா" என்று அடுத்த வரிசையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

மானிட்டர் விற்றவர்களின் ஆள் வந்து காதை வைத்துக் கேட்டார். "ஒண்ணுமே இல்லீங்களே" என்றார். மங்கை அக்கா அவரிடம் சண்டைக்குப் போய்விட்டாள். "இத்தனை பேரு சொல்றோம், எல்லாருக்குமா காது கெட்டுப்போச்சு?" என்றாள். நான் ஷாலை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வியில் கெட்ட காது என்று ஒன்று வந்ததாலா, வேறு எதற்காகவா என்று தெரியவில்லை.

அவர் போன பிறகு ஹெலன் மேடம் தர்மலிங்கம் சாரை எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"எந்த நம்பிக்கையில இந்த இடத்துல வாங்கினீங்க?"

"விசாரிச்சுத்தான் மேடம் வாங்கினேன்."

"விசாரிச்சீங்களா, இல்ல தெரிஞ்சவங்கன்னு வாங்கினீங்களா?"

அவருடைய காது மடல் சிவந்துவிட்டது.

ஜூன் 14, வெள்ளி

மானிட்டர்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். அடுத்த வாரம் சென்னை ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து விசாரிப்பாராம். தர்மலிங்கம் சாரின் காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது; நீட்டிக்க மாட்டார்கள் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பழைய சரக்கைப் புதுசு என்று வாங்கிவிட்டாராம். யார் சொன்னது என்றால் யாருக்கும் தெரியவில்லை.

சாயந்திரம் அவர் என் இடத்துக்கு வந்தார். கையில் ஒரு சின்னக் கறுப்பு உருளை. "இத கேபிள்ல மாட்டிப் பாப்போம்மா. சில சமயம் சத்தத்தத் தடுக்கும்" என்றார். அவர் தலைக்கு மேலே கத்தி தொங்கும்போது எனக்காக எங்கிருந்தோ தேடி எடுத்து வந்திருக்கிறார். மாட்டினார்.

"இப்ப?"

குறைந்திருக்கிறது என்று சொன்னேன். குறையவில்லை.

ஜூன் 17, திங்கள். பக்ரீத்

காலையில் இத்ரீஸ் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். குர்பானிக் கறி வந்தது. சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம். மாமியார் வீட்டுக்கும் சேர்த்து பிரியாணி என்பதால் மசாலா நிறைய அரைக்க வேண்டியிருந்தது.

மிக்ஸியைப் போட்டேன். பக்கத்தில் நின்றதால் வழக்கம்போல அந்தக் கடகடப்போடு சேர்ந்து மெல்லிசாக ஒரு கீச்சும் கேட்டது. இது ஒரு மாதமாகவே கேட்கிறது. மிக்ஸி என்றால் கத்தத்தானே செய்யும் என்று விட்டிருந்தேன். ஷால் நழுவியது. கை முழுக்க இஞ்சி பூண்டு. மணிக்கட்டால் ஷாலை மேலே தள்ளினேன். அப்போது மணிக்கட்டு மெஷின்மேல் அழுந்தி, அதன் மைக் ஓட்டையை மூடிவிட்டது.

மிக்ஸியின் கடகடப்பு அடங்கிப்போனது. பின்னால் இத்ரீஸ் பேசிக்கொண்டிருந்ததும் அடங்கியது. கீச்சு மட்டும் அப்படியே இருந்தது.

கையை எடுத்தேன். எல்லாம் வந்தது. மூடினேன். எல்லாம் போனது, அது மட்டும் போகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து விரலால் அழுத்தி மூடிப் பார்த்தேன். அதேதான். டிவியின் பின்னால் போய் நின்றேன். ட்யூப் லைட்டுக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி நின்றேன். எங்கே போனாலும் ஒவ்வொரு விதமாக ஒரு கீச்சு. மூடினாலும் நிற்கவில்லை.

"மேல என்ன தேடுற?" என்றார் இத்ரீஸ்.

காற்றில் வரும் சத்தம் என்றால் மைக் வழியாகத்தான் என் காதுக்கு வரமுடியும். மைக்கை மூடியும் வருகிறது என்றால் அது காற்றில் இல்லை. யாருக்கும் கேட்க வழியே இல்லை.

"ஒண்ணுமில்ல" என்று இறங்கினேன். பிரியாணியில் உப்பு குறைந்துவிட்டது என்று மாமியார் சொன்னார். ஒருவருக்கும் கேட்காததை ஒரு வரிசையே எப்படிக் கேட்டது?

ஜூன் 18, செவ்வாய்

அரைநாள் லீவு போட்டுவிட்டு மெஷின் வாங்கிய கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த தம்பி மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தான்.

"ஓ. இதுல டி ஆன்ல இருக்குக்கா."

"டின்னா?"

"உள்ள ஒரு குட்டிக் காயில் இருக்கும். சில போன், சில அரங்கத்துல எல்லாம் நேரா மெஷினுக்குச் சத்தம் வர்றதுக்காக. காந்த அலையப் பிடிக்கும். கரண்டுல ஓடுற எது பக்கத்துல போனாலும் அதையும் பிடிச்சுச் சத்தமாக்கிடும். உங்களுக்கு இது தேவையில்ல. செட் பண்ணும்போது எப்படியோ ஆனாயிடுச்சு. சாரிக்கா."

மௌஸை இரண்டு தட்டு தட்டினான். முடிந்துவிட்டது.

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். தலையைச் சாய்த்துச் சாய்த்து இன்னும் கழுத்து வலிக்கிறது. தப்பாக ஏற்றிய பில். ஹெலன் மேடத்தின் முகம். தர்மலிங்கம் சாரின் சிவந்த காது. இவ்வளவுக்கும் இரண்டு தட்டு. "வேற ஏதாவது இருக்காக்கா?" என்றான் அவன். மேசையைத் தூக்கிப் போடலாம் போல இருந்தது. "இல்லப்பா" என்று வந்துவிட்டேன்.

இத்ரீஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "சரியாயிடுச்சுல்ல. அதோட விடு. இப்ப போய்ச் சொன்னா வேலை போயிடும். பர்மனென்ட் ஆகட்டும்" என்றார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

ஜூன் 19, புதன்

மானிட்டர் ஒரு சத்தமும் போடவில்லை. இத்தனை அமைதியாக அது இருக்கும் என்று நினைக்கவில்லை. வழக்கத்தைவிட அதிகமாகப் பில் ஏற்றினேன், ஒரு தப்பும் இல்லை.

மங்கை அக்கா என் பக்கம் சாய்ந்து, "இன்னிக்கி ரொம்ப ஜாஸ்தியா இருக்குல்ல?" என்றாள்.

"ம்" என்றேன்.

ஜூன் 20, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. கத்திரிக்காய் நன்றாக இருந்தது, எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தேன். தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். துணி ஊற வைத்திருக்கிறேன். தர்மலிங்கம் சார் தன் டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து உறையில் போட்டார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தேன்.

நாளைக்குச் சென்னைக்காரர் வருகிறார். இட்லிக்கு அரைக்க வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

காலையிலிருந்து எங்களைப் பயிற்சி அறையில் உட்காரவைத்திருந்தார்கள். மத்தியானம் சென்னைக்காரர் வந்ததும் எங்கள் வரிசைக்கே கூட்டிப் போனார்கள். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒவ்வொருவரையும் கேட்டார். தலைவலி, பல் கூச்சம், கண் எரிச்சல் எல்லாம் வரிசையாக வந்தன. தர்மலிங்கம் சார் கதவோரம் கைகட்டி நின்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"முதல்ல கவனிச்சது நீங்கதானே?" என்று சென்னைக்காரர் என்னிடம் வந்தார்.

ஆமாம் என்று மட்டும் சொல்லத்தான் நினைத்திருந்தேன். இத்ரீஸிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன்.

"சார், மானிட்டர்ல ஒரு கோளாறும் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "எனக்குக் காது கேக்காது. மெஷின் போட்டிருக்கேன். அதுல ஒரு செட்டிங் தப்பா இருந்துச்சு. அந்தச் சத்தம் மெஷினுக்குள்ளதான் வந்துச்சு. செவ்வாய்க்கிழமையே சரி பண்ணிட்டாங்க. சொல்லாம இருந்தது என் தப்பு. தர்மலிங்கம் சார் ஒண்ணும் பண்ணல."

ஷாலை ஒதுக்கிக் காட்டினேன். ஹெலன் மேடம் என் காதையே பார்த்தார்.

"அப்ப எங்களுக்குக் கேக்குறது?" என்றாள் மங்கை அக்கா. அவளுக்குக் கோபம். "நாங்கல்லாம் பொய்யா சொல்றோம்?"

"இப்பவும் கேக்குதாம்மா?" என்றார் சென்னைக்காரர்.

"கேக்குது சார். நல்லாவே கேக்குது." இன்னும் சிலர் ஆமாம் என்றார்கள்.

கதவோரத்திலிருந்து தர்மலிங்கம் சார் மெதுவாகச் சொன்னார்: "சார், பேக் பண்றதுக்காக இந்த வரிசைக்குக் காலையிலேயே கரண்ட எடுத்துட்டேன்."

திரைகள் கறுப்பாக இருந்தன. வெறுமனே தூங்குகின்றன என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அந்தப் பையன் சிரித்துச் சமாளித்தான். தலைவலிக்காரி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். மங்கை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 24, திங்கள்

ஹெலன் மேடம் அறைக்குக் கூப்பிட்டார்.

"இன்டர்வியூலயே சொல்லியிருக்கணும் ஜுலைகா."

"சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா மேடம்?"

அவர் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். பிறகு, என் வேலையில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் தகுதிகாண் காலத்தை அக்டோபர் வரை நீட்டிக்கச் சொல்லி சென்னையில் சொல்லிவிட்டார்கள் என்றார். எதற்காக என்று கேட்டேன். "கவனிக்கத்தான்" என்றார். எதைக் கவனிக்க என்று கேட்கவில்லை. வேலை போகவில்லை என்று சந்தோஷப்பட வேண்டும் என்பது தெரிகிறது. வரவில்லை.

மானிட்டர்கள் திரும்பப் போகவில்லை. தர்மலிங்கம் சாரின் காண்ட்ராக்டை நீட்டித்துவிட்டார்கள். டீ நேரத்தில் அவரிடம் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை நாளு என்னை அலைய விட்டீங்க. எர்த் சரியில்லையோன்னு மொட்டை மாடி வரைக்கும் ஏறிப் பாத்தேன்."

"எனக்கும் தெரியாது சார்."

"செவ்வாய்க்கிழமை தெரியும்ல?"

தலையாட்டினேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்கும் உள்ளே ஒன்று கிடந்தது, கேட்டேவிட்டேன்.

"உங்களுக்கு எப்படி சார் கேட்டுச்சு? அன்னிக்குக் காத வச்சுட்டுக் கேக்குதுன்னீங்களே?"

கோப்பையில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

"கேக்கல" என்றார். "அந்தப் பய சிரிச்சான். நீங்க ஒத்தை ஆளா நின்னீங்க. அதான் சொன்னேன். இப்படி வந்து முடியும்னு யாரு கண்டா."

கோப்பையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பால்கோவா வாங்கினேன். அது பொய். அந்தப் பொய்யால்தான் அவர் வேலையே போகப் பார்த்தது. எனக்குக் கோபம் வர வேண்டுமா, அழுகை வர வேண்டுமா என்று தெரியாமல் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

இப்போது எல்லோரும் என்னிடம் கத்திப் பேசுகிறார்கள். வாயை அகலமாகத் திறந்து, கையை ஆட்டி. போன வாரம் வரை சாதாரணமாகப் பேசியவர்கள்தான். போன வாரம் வரை சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டும் இருந்தேன். "சாப்... பிட்... டாச்... சா?" என்கிறான் அந்தப் பையன். ஆச்சு என்றேன். "என்ன?" என்கிறான் அவன். யாருக்குக் காது கேட்கவில்லை என்றே குழப்பமாக இருக்கிறது.

மங்கை அக்கா பேசவே இல்லை.

ஜூன் 26, புதன்

மாடிப்படியில் மங்கை அக்கா எனக்காகக் காத்திருந்தாள். மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, கிட்டத்தில் வந்து பேசினாள்.

"எனக்கு நிஜமாவே கேக்குதுடி. வீட்லயும் கேக்குது. படுத்தா இன்னும் அதிகமா கேக்குது. நீ சொன்னதுக்கு அப்புறம்தான் கவனிச்சேன், ஆனா அது ரொம்ப நாளாவே இருக்கு போலருக்கு. அன்னிக்கு அந்த ஆளு கரண்ட எடுத்துட்டேன்னு சொன்னப்ப எனக்குப் பயமாயிடுச்சு. எல்லாருக்கும் நின்னு போச்சு. எனக்கு மட்டும் நிக்கல."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போய்க் காட்டணும்? நீ கூட வருவியா? யார்கிட்டயும் சொல்லிடாத. எங்க வீட்டுக்காரர்ட்டகூட சொல்லல."

சனிக்கிழமை போகலாம் என்றேன்.

ஜூன் 29, சனி

என் மெஷினைக் குழப்பிய இடத்துக்கு அவளைக் கூட்டிப்போக மனம் வரவில்லை. புத்தூரில் வேறு ஒரு கிளினிக். கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் இருந்து பார்த்தேன். வலது காதுக்குக் கை சட்சட்டென்று ஏறி இறங்கியது. இடது காதுக்கு மாற்றினார்கள். கை மடியிலேயே கிடந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முயற்சி செய்வது தெரிந்தது. இப்படிப்பட்ட அறைக்குள் நான் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். வெளியே உட்கார்ந்து பார்ப்பது இன்னும் கஷ்டம் என்று தெரியாது. அம்மா எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

இடது காதில் மெல்லிய சத்தங்கள் கேட்கும் சக்தி குறைந்திருக்கிறதாம். அந்தக் கீச்சு வெளியிலிருந்து வருவதில்லை. கேட்காததற்குப் பதிலாகக் காதே போட்டுக்கொள்ளும் சத்தம் என்றார் சோதனை செய்த அம்மா. காது மூக்கு தொண்டை டாக்டரையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். மெஷின் போட்டால் குறைய வாய்ப்பு இருக்கிறதாம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஏறினோம். மங்கை அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். அவள் பக்கம் இருந்தது என் இடது காது, ஒன்றும் விழவில்லை. "அக்கா, எந்திரிங்க, இடம் மாறி உக்காருவோம்" என்றேன். மாறினோம். இப்போது அவள் பேசுவது எனக்குக் கேட்டது.

"மெஷின் போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமேடி" என்றாள்.

நான் ஒரு பதில் சொன்னேன்.

"என்ன?" என்றாள். இப்போது அவளுடைய இடது காதுதான் என் பக்கம்.

மறுபடி சொன்னேன்.

"என்ன சொல்ற, கேக்கலடி."

இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எப்படி மாற்றி உட்கார்ந்தாலும் ஒருத்திக்குக் கேட்காது. இதற்கு வழியே இல்லை. நான் மூச்சை இழுத்து, இந்த ஊரில் இதுவரை எந்த பஸ்ஸிலும் பேசாத குரலில் சொன்னேன்.

"தெரிஞ்சா தெரியட்டும், மெஷின் போட்டுக்கங்கக்கான்னு சொன்னேன்!"

முன் சீட்டில் இருந்தவர் திரும்பினார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மங்கை அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், இனி இவள் என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்தேன். பஸ் ஒரு நிறுத்தம் தாண்டியது. அவள் நிமிர்ந்து, என்னைவிடச் சத்தமாகக் கேட்டாள்:

"தலைக்குக் குளிக்கும்போது கழட்டணுமா?"

கழற்றத்தான் வேண்டும் என்றேன். அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.